பூஜையில் வைத்த நீல நோட்டு

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆரவாரம் அடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆண்டு சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலையில் அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான ஆங்கிலத் தேர்வு. காஜா பெராங்கில் பலகை வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது.

அக்காவிடம் ஒரு நீல நோட்டு இருந்தது. பக்கத்துக்கு நான்கு பத்தி கோடிட்டு, ஆங்கில வினைச்சொற்களை இனம் பிரித்து எழுதியிருந்தாள். செயலைக் காட்டுபவை, நிலையைக் காட்டுபவை. ஒவ்வொன்றிலும் செயப்படுபொருள் ஏற்பவை, ஏற்காதவை. சென்ற முறை அதில்தான் தோற்றாள். இம்முறையும் தோற்றால் பயிற்சியில் சேரும் வயது கடந்துவிடும்.

பூஜையன்று புத்தகங்களை அடுக்குவது என் வேலை.

"அந்த நீல நோட்டையும் வை. அடியில வை," என்றார் அம்மா.

வைத்தேன். மேலே பட்டுத் துணி, பூ, சந்தனம். இனி மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் படிக்கவோ எழுதவோ கூடாது.

குளித்துவிட்டு வந்த அக்கா, நோட்டைக் காணாமல் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, அத மட்டும் எடுத்துக்கிறேனே."

"சாமிகிட்ட வச்சத எடுக்கிறதா? படிச்ச பிள்ள பேசுற பேச்சாடி இது?"

அதன்பின் அக்காவால் உட்கார முடியவில்லை. முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்தாள். பிறகு என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். படிக்கத்தான் தடை, பேசத் தடையில்லையே. அவள் ஒரு சொல்லும் அதன் பொருளும் சொல்வாள். நான் செய்து காட்ட வேண்டும். 'ஜம்ப்' என்றால் குதித்தேன். 'பிரிங்' என்றதும் ஓடினேன். எதைக் கொண்டுவருவது என்று தெரியாமல் வாளியைத் தூக்கி வந்தேன். 'நோ', அறிந்திருத்தல் என்றாள். விழித்தேன்.

"செஞ்சு காட்டு."

"எப்படிக்கா? சும்மா நிக்கத்தான் முடியும்."

"அதான் லா! சரியாச் செஞ்சிட்ட!"

அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னா, சின்னதுக்குப் பேய் புடிச்சிருச்சா?"

"பேய் இல்லத்த, பரீட்ச," என்றாள் அக்கா. மாலைவரை குதித்தேன், விழுந்தேன், சுமந்தேன். பலமுறை சும்மா நின்றேன்.

மறுநாள் தேர்வு நடக்கும் பண்டார் ஹிலிருக்கு ஏழரை மணி பஸ். அம்மா அன்று வழக்கத்தைவிட நிதானமாகப் பூஜை செய்தார். ஏழு இருபதுக்கும் சூடம் ஏற்றவில்லை. அக்கா நோட்டுக்குக் காத்திருக்காமல் தானே குங்குமம் தொட்டு வைத்துக்கொண்டு ஓடினாள்.

"பசியாறிட்டுப் போடி!" என்ற அம்மாவின் குரல் அவளை எட்டியதோ என்னவோ.

அக்கா தேறிவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அவள் தேர்வுக்கு ஓடிய அந்தக் காலையிலேயே அம்மா வாசலைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்:

"பாஸானா எத்தன வருசம் அந்தக் காலேஜ்ல தங்கிப் படிக்கணும்?"

எனக்கு எல்லாம் தெரியும். "ரெண்டு வருசம்மா. அப்புறம் கவர்மெண்டு எங்க அனுப்புதோ அங்க. அக்கா இனிமே இந்த வீட்டுக்கு வரவே வேணாம்!"

நல்ல செய்தி சொன்னவளுக்குச் சுண்டல் ஒரு கை கூடுதலாகக் கிடைக்கும் என்று இலையோடு நின்றேன். அம்மா சட்டியை மூடிவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டார். கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன் என்று எனக்குக் கோபமாக வந்தது.