பச்சைக் கட்டியும் அவர் கைகளும்

எண்பதுகளில் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில், எங்கள் பர்ஸ் பட்டறையில் என் வீட்டுக்காரர் என்னைக் கத்தி தொட விடமாட்டார். தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவுவது அவர் வேலை. கறுப்புப் பாலிஷ் கட்டி தேய்த்த தோல்வாரில்தான் கத்தியைத் தீட்டுவார். சீவும்போது ஓரம் பிய்ந்து பிய்ந்து வரும். ரம்ஜான் ஆர்டரில் பாதி இப்படியே வீணானது.

"கறுப்புக் கட்டி சொரசொரப்புங்க, கூர் சரியா வராது. பக்கத்துப் பாத்திரப் பட்டறையில கடைசி மெருகுக்குப் பச்சைக் கட்டிதான போடுதாங்க" என்றேன்.

"ஏளா, அப்ப நீயே தீட்டு, பாப்போம்" என்றார் எரிச்சலோடு.

புது வாரில் பச்சைக் கட்டியைத் தேய்த்துத் தீட்டினேன். முன்கை முடியை மழித்துக் கூர் பார்ப்பது பட்டறை வழக்கம். என் கையில் முடிக்கு எங்கே போவேன்? நான் விழிப்பதைப் பார்த்தவர், சட்டைக் கையை மடித்துத் தன் கையை நீட்டினார். கண்ணை மூடிக்கொள்ளக்கூட இல்லை.

கத்தி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"இதுலயும் பாரு" என்று மறு கையையும் நீட்டினார்.

அதன்பின் ஒரு பர்ஸ்கூட வீணாகவில்லை. பெருநாள் தொழுகைக்கு அரைக்கைச் சட்டையில் போனவர், கேட்டவர்களிடமெல்லாம் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "எம்பொண்டாட்டி தீட்டுன கத்தி" என்றாராம்.

அந்தப் பெருநாளுக்கு என்ன சேலை கட்டினேன் என்று நினைவில்லை. அந்த இரண்டு மொட்டைக் கைகள் மட்டும் மறக்கவில்லை.