பிராசசருக்கு வைத்த பூ

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என் படிப்புக்காக வாங்கப்பட்டது. அப்படித்தான் அப்பா சொன்னார், அம்மாவும் ஊருக்குப் போன் போட்டு எல்லோரிடமும் அப்படியே சொன்னாள். கல்கத்தாவில், ஜாதவ்பூர் யுனிவர்சிட்டியில் நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் கம்ப்யூட்டர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாங்கிய மாதமே அது யாருடைய படிப்புக்கு என்பது தெரிந்துவிட்டது. ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் அப்பா அதன் முன்னால் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுவார். மத்திய சர்க்கார் அதிகாரி, ஐம்பதைத் தாண்டியவர், நிஜத்தில் ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாதவர். திரையில் மட்டும் மலைப்பாதையில் பறப்பார்.

லேக் கார்டன்ஸில் நாங்கள் இருந்தது மாடி வீடு. கீழ் வீட்டில் பாங்க் வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்ட ஒரு வங்காளி. அப்பா அவரைத் தாதா, அதாவது அண்ணா என்பார், அவரும் அப்பாவைத் தாதா என்பார். இரண்டு பேருமே அண்ணன்; தம்பி என்று யாருமே இல்லை. அதனாலோ என்னவோ விட்டுக்கொடுப்பது என்ற பேச்சே அவர்களுக்குள் கிடையாது. செஸ்ஸில் தாதா ஜெயித்தார். கேரமில் ஜெயித்தார். அரசியல் வாதத்தில் அப்பா வாயைத் திறப்பதற்குள்ளேயே ஜெயித்தார். கார் ரேஸ் ஒன்றில்தான் அப்பா கை ஓங்கியிருந்தது, அதை அவர் மாடிப்படியில் போகிற வருகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தார்.

பொறுக்க முடியாத தாதா, துர்க்கா பூஜைக்கு முன்னால் ஒருநாள் டீ குடிக்கும்போது பந்தயம் கட்டினார். தசமி முடிந்ததும் வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்லும் பிஜயாவுக்கு, அவர் இனிப்போடு வரும்போது ஒரு போட்டி; ஆளுக்கு ஒரு ஆட்டம், சீக்கிரம் ஓட்டி முடிப்பவருக்கு ஜெயம். அவர் தோற்றால் ஒரு வாரம் மீனைத் தொடாமல் எங்கள் வீட்டுத் தயிர்சாதம். அப்பா தோற்றால் ஒரே ஒரு துண்டு இலிஷ் மீன். பிறந்ததிலிருந்து முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத அப்பா, யோசிக்காமல் கை கொடுத்துவிட்டார்.

அம்மா கத்தவில்லை. "அதத் தின்னுட்டு இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. அந்தக் கம்ப்யூட்டரையும் படியிலேயே வெச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. கல்கத்தாவே துர்க்கை பந்தல்களில் கிடந்தது, நானும் நண்பர்களோடு பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா வழக்கம்போல அரிவாள்மணை, டெஸ்டர், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தார். அந்த வருடம் வரிசையில் கம்ப்யூட்டரும் சேர்ந்தது. பெட்டியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டியதாகப் பெருமையாகச் சொன்னார். நான் வந்து பார்த்தபோது மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் சந்தனம் குங்குமத்தோடு கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. லேக் மார்க்கெட்டில் அன்று கிடைத்தது கேந்தாப்பூ என்கிற செண்டுமல்லி மட்டுந்தான், அம்மா அதைச் சாமந்தி என்று நினைத்துக்கொண்டு வாங்கி வந்திருந்தாள்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து அப்பா மெஷினைப் போட்டார். முன்பெல்லாம் போட்டவுடன் பழைய டேபிள் ஃபேன் போல உறுமும். இப்போது சத்தமே இல்லை.

"பாத்தியா, பூஜை போட்டதும் எப்படிப் பதவிசா ஓடுது" என்றார்.

பதவிசாகத்தான் ஓடியது, கொஞ்ச நேரம். பிறகு கார் திக்க ஆரம்பித்தது. நேர் சாலையில் போகிற கார் நிற்கும், யோசிக்கும், சட்டென்று நாலு மரம் தாண்டிக் குதிக்கும். வளைவில் திக்கினால் நேராகப் பள்ளத்தாக்குதான். ஃப்ரேம் ரேட், அதாவது படம் ஓடுகிற வேகம், விழுகிறது என்றேன். "எங்க விழுது, தூக்கி வை" என்றார் அப்பா.

அந்த வாரம் முழுக்க நான் டாக்டர். முதலில் திரையில் நிழல்களை நிறுத்தினேன். திக்கியது. மரங்களைக் குறைத்தேன், மலையைக் குறைத்தேன். கடைசியில் சாம்பல் நிறப் பலகை ஒன்றின் மேல் சோப்பு டப்பா ஒன்று ஓடியது, அதுவும் திக்கியது. வைரஸ் தேடினேன், ஹார்ட் டிஸ்க்கை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரு பகல் முழுக்கக் கட்டம் கட்டமாக நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டையே அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். சாந்தினி மார்க்கெட்டில் மெஷினைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்தவரைத் தேடிப் போனால், பூஜை லீவுக்குக் குடும்பத்தோடு பூரி கடற்கரைக்குப் போயிருந்தார். ஊரே பூரியில்தான் இருந்தது. அம்மா மட்டும் வீட்டு வைத்தியமாக மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடியே வரவில்லை, அவ்வளவு திருஷ்டியாம்.

பெட்டியைத் திறந்து பார்க்கிறேன் என்றபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. "நானே துடைச்சு, பூஜையில வெச்சு எடுத்திருக்கேன். அதுல என்ன கோளாறு இருக்கும்? உன் செட்டிங்கப் பாரு." கோளாறு எதுவானாலும் அது என் படிப்பில்தான் இருக்க வேண்டும் என்பது வீட்டு விதி.

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. மெஷினை ரொம்ப நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டால், முதல் ஆட்டம் வழுவழுவென்று போகும். அடுத்த ஆட்டம் திக்கும். அதனால் போட்டியன்று, தாதா மாடியேறும் சத்தம் கேட்டதும் அப்பாவிடம் மெல்லச் சொன்னேன், "நீங்க மொதல்ல ஆடிருங்கப்பா."

அப்பா என்னை ஏதோ கொள்ளைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வீட்டுக்கு வந்தவர நிக்க வெச்சுட்டு நான் உக்காருறதா? நல்லா வளத்திருக்கா உங்கம்மா."

தாதா சந்தேஷ் பெட்டியோடு வந்தார், ஷுபோ பிஜயா என்று அப்பாவைக் கட்டித் தழுவினார், நான் அவர் காலைத் தொட்டேன். பிறகு விருந்தாளிக்குரிய மரியாதையோடு வழுவழுப்பான மெஷினில் உட்கார்ந்து, மாமனார் வீட்டுக்குப் போகிறவர் போல நிதானமாக ஓட்டி முடித்தார். அப்பா உட்கார்ந்தார். இரண்டாவது வளைவிலேயே கார் திக்கியது, மூன்றாவதில் பள்ளத்தாக்கு. அப்பா கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

தாதாவே எழுந்தார். மெஷின் இருமுகிறது, இப்படி ஜெயிப்பது ஒரு ஜெயமா, பெட்டியைத் திற என்று என்னிடம் சொன்னார். இந்தத் தடவை அப்பா தடுக்கவில்லை.

திறந்தேன். பிராசசரின் தலைமேல் இருக்கும் சின்ன ஃபேனின் நடுவில், அளவெடுத்தாற்போல ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஃபேனுக்கும் அடியில் இருக்கும் தகடுகளுக்கும் இடையே ஒரு முழுக் கேந்தாப்பூ, காய்ந்து சுருங்கிச் சிக்கியிருந்தது. ஃபேன் சுற்றவே இல்லை. சத்தம் நின்றது பூஜையின் மகிமை என்று ஒரு வாரமாக நம்பிக்கொண்டிருந்தோம். பாவம் அந்த பிராசசர், சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, சாகாமல் திக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது.

"வெளிப்பெட்டிக்கு வெச்சா அது தகரத்துக்கு வெச்ச பொட்டு. வேலை செய்யறது உள்ள இருக்கிறதுதானே" என்றார் அப்பா, மெல்ல.

தாதா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விஸ்வகர்மா பூஜைக்கு அவர்கள் பாங்க்கில் டைப்ரைட்டருக்குக் கூட மாலை போடுவார்களாம். பழைய டூத் பிரஷ்ஷால் நான் சந்தனத்தைத் தேய்த்து எடுத்தேன். மெஷினைப் போட்டதும் பழைய உறுமல் திரும்பியது. மரம், மலை, நிழல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன், ஒரு திக்கல் இல்லை. தாதா தன் முதல் ஆட்டத்தை ரத்து செய்துவிட்டு மறுபடியும் ஓட்டினார்.

பிறகு அப்பா ஓட்டினார். நல்ல சாலை, நல்ல வெளிச்சம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசிச் சுற்றில் அவசரப்பட்டுச் சுவரில் உரசினார். தோற்றார்.

மறுநாள் மதியம் தாதா மூடிய கிண்ணத்தோடு படியேறி வந்தார். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கடுகுக் குழம்பின் வாசனை மாடிவரை வந்தது. அப்பா கையைக் கழுவி, கண்ணை மூடி, ஒரு விள்ளல் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது தாதா அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"தாக் தாதா, தாக்" என்றார். விடுங்கள், போதும் என்று. பிறகு வங்காளத்தில் ஏதோ பாவம், என் தலையில் விழும் என்றெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தை வாங்கி, முள் முள்ளாக எடுத்துப்போட்டு அந்த மீனைத் தானே தின்று முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு அம்மாவிடம் தயிர்சாதமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு நிம்மதி. எனக்கும்தான். அப்பாவுக்கு மட்டும் இல்லை. ஜெயிக்கவும் முடியவில்லை, ஒழுங்காகத் தோற்கவும் விடவில்லை. அடுத்த நாள் ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார், போடவில்லை.

"அந்த ஃபேன் சரியா சுத்துதா பாரு" என்றார்.

"சுத்துதுப்பா. முந்தாநாளே பாத்தோமே."

"இன்னொரு தடவ பாரு."

பெட்டியைத் திறந்து மெஷினைப் போட்டேன். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. சந்தனம் இருந்த இடத்தில் லேசான மஞ்சள் கறை, அவ்வளவுதான். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் திக்கத்தான் செய்யுதுப்பா" என்றேன்.

"நெனச்சேன்" என்றார் அப்பா. எழுந்துபோய், அப்போதுதான் ஷூவைக் கழற்றினார்.