அண்ணன் வாழ்ந்த பனிமலை ஊரும் ஒரு பிடி மண்ணும்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு பதினாறு நாளாகிறது. துக்கத்தில் பங்குகொள்ள வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்தச் சிறு நினைவு மலரை வைக்கிறேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வல்லத்திராக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில், விவசாயக் குடும்பத்தின் தலைப்பிள்ளையாக அண்ணன் பிறந்தார். மழையில்லாமல் நிலமெல்லாம் தரிசாகக் கிடந்த காலத்தில், மீசை அரும்பும் வயதில், சைகோனுக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு பிரெஞ்சு இன்ஜினீயர் வீட்டில் சமையல் வேலை. அந்த இன்ஜினீயர் பிரான்சில் மலைமேல் இருந்த தம் சொந்த ஊருக்குத் திரும்பியபோது அண்ணனையும் அழைத்துப் போனார். நம் நாடு விடுதலை அடைந்த மறு வருடம் அது.

அந்த ஊரைப் பற்றி அண்ணன் சொல்லக் கேட்காதவர்கள் உங்களில் குறைவு. "நார்த்தாமலை மாதிரி இருபத ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கு. அதுல பாதி ஒசரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு எங்க ஊரு" என்பார்.

"எந்த ஊருண்ணே, இதா அதா?" என்று கேட்டால் சிரிப்பார்.

ஊருக்குக் கீழே ஆழத்தில் ஓர் ஆறு. சத்தம் கேட்குமே தவிரத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. வெயில் விழ வேண்டும் என்று எல்லா வீடுகளும் தெற்கு பார்த்தே நிற்கும். கூரையில் ஓட்டுக்குப் பதில் கற்பலகை. கீழ்த்தளத்தில் மாடுகள், அவற்றின் சூட்டில் மேலே மனிதர்கள். ஊருக்கு மேலே ஒரு காடு உண்டு. அதில் ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது. பல தலைமுறைக்கு முன்னால் வெட்டியதால் மலைப்பனி சரிந்து, பழைய ஊரே புதைந்துபோனதாம். மாதா கோயில் வாசலில், போரில் இறந்தவர்களின் பெயர்களை வெட்டிய கல்தூண் ஒன்று. ஊரில் உள்ள வீடுகளைவிட அதில் பெயர்கள் அதிகம் என்று அண்ணன் சொல்வார்.

குளிர்காலத்தில் ஒரே பாதையும் பனியில் மூடிவிடும். மண் பாறைபோல் இறுகிப்போவதால் குழி தோண்ட முடியாது. அப்போது யாராவது இறந்தால் உடலைத் துணியில் சுற்றிக் கூரைமேல் பனிக்குள் வைத்துவிடுவார்கள். பனி உருகிய பிறகே அடக்கம்.

அப்படி ஒரு குளிர்காலத்தில்தான் எங்கள் அப்பா காலமானார். நாங்கள் அடித்த தந்தியைத் தபால்காரர் காலில் பலகை கட்டிக்கொண்டு பனிமேல் நடந்துபோய்க் கொடுத்திருக்கிறார். அண்ணனால் இறங்கி வர முடியவில்லை. மூத்தவர் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன்.

பாதை திறந்ததும் அண்ணன் வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டார். நிலத்தைத் திருத்தினார். என்னைப் படிக்க வைத்தார். தமக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அப்பனுக்குக் கொள்ளி வைக்காதவர் என்ற பேச்சு அவரை விடவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் தாய்மாமா, "பொணத்தக் கூரையில காயப்போடுற ஊருக்காரரு வந்துட்டாரு, எலையப் போடுங்கப்பா" என்றார்.

"காயப்போடல மாமா, குளுருல வச்சிருந்தாக. ஒங்களுக்கும் எடம் சொல்லி வைக்கவா?" என்றார் அண்ணன். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனவர், இருட்டிய பிறகுதான் திரும்பினார்.

நெஞ்சுச் சளி முற்றிப் படுத்திருந்த கடைசி நாட்களில், ஒரு மத்தியானம், அதுவரை சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார்.

"அப்பா தந்தி வந்த அதே வாரம் இன்ஜினீயரோட அப்பாவும் போயிட்டாரு. அந்தக் கூரைக்குக் கீழதான் குளுரு முச்சூடும் படுத்துக் கெடந்தேன். மேல இருக்குறது யாரோட அப்பான்னே தெரியாது எனக்கு. பனி உருகிக் குழி வெட்டினப்ப, அந்த வீட்டு அம்மா மண்வெட்டிய மொதல்ல ஏங்கிட்ட நீட்டுனாக. ஒங்க அப்பாவுக்கும் சேத்துப் போடுப்பான்னாக. கையால ஒரு பிடி மண்ணு அள்ளிப் போட்டேன். அன்னைக்குத்தான்டா அழுதேன்."

பிறகு, "கொள்ளி ஒன் மகன் வைக்கட்டும். ஆனா அவனுக்காக யாரும் காத்துக் கெடக்காதீக. இங்க பனி இல்ல. பிந்தி வந்தான்னா ஒரு பிடி மண்ணு போடச் சொல்லு, போதும்" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்துவிட்டது. மதராஸில் வேலை பார்க்கும் என் மகன் தந்தி கண்டதும் புறப்பட்டான். மழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்து ரயில் வழியிலேயே நின்றுவிட்டது. பெரியவர்கள் இனியும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். இரண்டாம் முறையும் கொள்ளியை நானே வாங்கினேன்.

மறுநாள் நனைந்த சட்டையோடு வந்து இறங்கினான். மயானத்துக்கு அழைத்துப்போய்ப் பெரியப்பா சொன்னதைச் சொன்னேன். ஈர மண்ணை ஒரு பிடி எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்தால் ஒருவர், "எல்லாம் முடிஞ்சபெறகு வாரீகளே தம்பி" என்றார். வருத்தத்தில் சொன்னதுதான். அன்றிலிருந்து அவன் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறான். அண்ணன் ஆயுளுக்கும் சுமந்ததை இவனும் சுமப்பானோ என்று, பெற்றவன் அஞ்சுகிறேன்.

கொட்டும் மழையில், தம் வீட்டுப் பரணில் இருந்த காய்ந்த விறகையெல்லாம் வண்டியில் ஏற்றி வந்து, சிதை அணையாமல் பார்த்துக்கொண்டு கடைசிவரை நின்றவர் எங்கள் தாய்மாமாதான். அவருக்கும், கூடவே நனைந்த பங்காளிகளுக்கும், சமைத்துப்போட்ட அண்டை வீட்டாருக்கும், மருந்து கொடுத்த டாக்டருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். இன்று பந்தியில் என் மகன் உங்களுக்குப் பரிமாறுவான். எப்போது வந்தாய் என்று அவனைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.