நீலகண்ட பிள்ளையின் துரை இங்கிலீஷ்

கோட்டாறு கம்போளச் சந்தையில் மனு எழுதிக்கொண்டிருந்த நீலகண்ட பிள்ளைக்கு ஒரு கர்வம் உண்டு. பள்ளிக்கூட வாத்தியார் எழுதுவது புத்தக இங்கிலீஷ், தான் எழுதுவதுதான் துரை இங்கிலீஷ் என்பார். மலைத்தோட்டத்துத் துரைமார் கூடும் கிளப்பில் இருபது வருஷம் பில்லியர்ட்ஸ் மேசையைப் பார்த்துக்கொண்டவர். அவர்கள் குடித்துக்கொண்டே பேசிய சொலவடைகளையெல்லாம், அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டு, ஒரு நோட்டில் சேர்த்திருந்தார். 'பரி த ஹாட்செட்' என்றால் சண்டையை விடுவது. அமெரிக்கப் பழங்குடிகள் சமாதானமாகும்போது கோடாலியை மண்ணில் புதைப்பார்களாம். 'பைட் த புல்லட்' என்றால் வலியைப் பொறுப்பது. மயக்கமருந்து இல்லாத காலத்தில் சிப்பாயின் காலை அறுக்கும்போது, கடித்துக்கொள்ளக் குண்டைக் கொடுப்பார்களாம்.

நாற்பத்தேழுக்குப் பிறகு துரைமார் பலர் கப்பலேறினார்கள். கிளப்பை மூடியதும் பிள்ளை ஊருக்கு வந்து நோட்டை மனுக்களில் இறக்கினார். வாய்க்கால் தண்ணீர் கேட்ட மனுவில்கூடக் குண்டைக் கடிக்க வைத்தார். எழுதி முடித்ததும் உரக்கப் படிப்பார். ஒன்றும் புரியாவிட்டாலும் சத்தத்தைக் கேட்டே ஜனங்களுக்குத் திருப்தி. ஊரும் சேர்ந்துதான் அவரைக் கெடுத்தது.

ஐம்பத்திரண்டில் செல்லக்கனி வந்தாள். ரப்பர் பால் வெட்டும் கணவன் சுயம்பு பாம்பு கடித்து இறந்திருந்தான். அவன் வேலை அவளுக்குக் கிடைக்காவிட்டால் மூன்று பெண்பிள்ளைகளோடு தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தத் தோட்டத்தில் அப்போதும் வெள்ளைக்காரத் துரைதான். பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. கணவன் இறந்தான் என்று எழுத வேண்டிய இடத்தில் 'கிக்ட் த பக்கெட்', அதாவது பக்கெட்டை உதைத்தான், என்று எழுதினார்.

நான்கு நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. முகத்தில் சந்தோஷம் இல்லை.

"படிச்சிட்டு துரை சிரிச்சாரு. கிளார்க்கை விளிச்சுக் காட்டுனாரு, அவரும் சிரிச்சாரு. எங்க வீட்டுக்காரரு செத்ததைத்தானே எழுதச் சொன்னேன்? என்னத்த ஐயா எழுதுனிய?"

பிள்ளை பொய் சொல்லியிருக்கலாம். அதற்குத் துணிச்சல் இல்லை.

"செத்ததைத் துரைமாரு வெளையாட்டா அப்பிடிச் சொல்லுவா." பழக்க தோஷத்தில் மேலே போனார். "பன்னியைத் தொங்கவிட்டு அறுக்கிற உத்தரத்துக்கு பக்கெட்டுன்னு பேராம். உயிரு போகும்போ பன்னி காலால அதை ஒதைக்கும்லா, அதுலயிருந்து..."

அந்த விளக்கத்தை அவர் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. தன் வாயாலேயே கேட்டபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தத் தாளை மாத்தித் தாங்க ஐயா," என்றாள் செல்லக்கனி.

மறுநாள் பிள்ளை 'இறந்தார்' என்று புது மனு எழுதிக்கொண்டு தானே மலையேறினார். கிளார்க் மாற்ற முடியாது என்றுவிட்டார். துரை கையெழுத்துப் போட்டிருப்பது பழைய மனுவின் மேல். அதைக் கிழித்தால் வேலையும் போகும்.

பிள்ளை அவள் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னார். சுயம்புவின் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"கெடக்கட்டும். செத்தவருக்கு இங்கிலீசு தெரியாதுல்லா," என்றாள்.