ரெஜினா அக்கா கத்தாத மழைக்காலம்

பூட்டிக் கிடந்த ரீசார்ஜ் கடை திறந்திருந்ததைப் பார்த்ததும், ரெஜினா அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டார் என்று ஓடினேன். உள்ளே அவருடைய தம்பி நின்றிருந்தார். காய்ச்சலோடு திருமுக்கூடலில் அம்மா வீட்டுக்குப் போன அக்கா அங்கேயே இறந்துவிட்டார். முந்தின நாளே அடக்கமும் முடிந்திருந்தது. "உங்க தெருவுல எத்தினி பேருக்குப் போன் போட்டேன் தெரியுமா? ஒண்ணும் போவலைம்மா" என்றார். ஒரே ஒருவருக்குத்தான் அழைப்பு போயிருக்கிறது. அவரும் சேலை கொடுக்கச் சென்னை போயிருந்தார்.

காரணம், நம் தெருவில் இதைப் படிக்கும் உங்கள் எல்லாருக்கும் தெரியும். மழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும், தறியில் கட்டிய பாவு நூல் ஈரமாகும், தறி நிற்கும். கூலி நின்றதும் பிள்ளையார்பாளையத்தில் முதலில் தள்ளிப்போவது ரீசார்ஜ். பிறகு கொஞ்ச நாளில் வருகிற அழைப்பும் நின்றுவிடும். அதனால் கெடு முடியும் முன்பே அக்கா தெருவில் நின்று கத்துவார்.

"ஏகாம்பரம் அண்ணா, நாளையோட உன் போன் செத்துடும். முதலாளி பாவு குடுக்கக் கூப்ட்டா எப்டி எடுப்பே? வா, தறி ஓடுனப்புறம் காசு குடு."

தெருவே கேட்கும்படி அப்பாவின் பெயரைச் சொல்வது எனக்கு அவமானமாக இருக்கும். இதைப் படிப்பவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள்.

ஆனால் அவர் அதிகம் திட்டியது போன் கம்பெனி ஆளைத்தான். கட்டணம் ஏறும்போதெல்லாம் ஓர் இளைஞர் புதிய கட்டணத் தாளை ஒட்ட வருவார். ஒருமுறை நானும் கடையில் இருந்தேன். சின்னத் தொகை ரீசார்ஜை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, அலைக்கற்றை ஏலம், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, புதிய கோபுரங்கள் என்று அவர் அடுக்கினார்.

"ஏலம் கேட்டது உங்க முதலாளி. கூலி இல்லாத தெரு ஏன் தம்பி அதைக் கட்டணும்?" என்றார் அக்கா. "ஆரம்பத்துல தெருமுனையில குடை போட்டு சிம்மைச் சும்மா குடுத்தீங்க. மத்த கம்பெனிங்க மூடிக்கினு போனதும் ஏத்திக்கினே இருக்கீங்க."

இளைஞர் சிரித்தார். அக்கா தாளை அவர் கையிலேயே திணித்தார். மற்றக் கடைகளுக்கு வந்த சலுகைகள் அதன்பின் அக்கா கடைக்கு வரவில்லை.

நான் செய்தித்தாள்களில் தேடிப் படித்தேன். நிறுவனங்களின் நஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். கோபுரத்துக்குச் செலவாகும் என்பதும் புரிகிறது. ஆனால் ஒரு வீட்டுக்கு வருகிற அழைப்பை நிறுத்துவதால் எந்தச் செலவு மிச்சமாகிறது என்று ஒரு கட்டுரையும் சொல்லவில்லை. விதி வகுப்பவர்கள் நிறுவனங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். எங்களைக் கேட்பதில்லை.

அக்கா படுத்திருந்த நாட்களில் தெருவில் யாரும் கத்தவில்லை. போன்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவரைப் புதைத்த நேரத்தில் நான் அப்பாவின் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அது ஒலிக்கவில்லை. இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

நேற்று அந்த இளைஞர் மறுபடியும் ஒரு தாளோடு வந்தார். அக்காவின் தம்பி அதை வாங்கிக்கொண்டார். அக்காவின் கோபம் மட்டும்தான் என்னிடம் மிச்சம் இருந்தது.

"ஏலம் கேட்டது யாருண்ணா?" என்றேன்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.