நோம்புச் சூடு

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்யும் எனக்கு, தும்மலைத் தவிர எல்லாவற்றுக்கும் பயம். மனைவி சபீனாவின் அக்குளில் அடிக்கடி கட்டிகள் வந்தபோது, எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பதறினேன். அவளுக்குத் தனித் துண்டு, மருந்து சோப்பு எல்லாம் வாங்கிப்போட்டேன்.

“எப்போ கூடுதலா வரும்?” என்றார் தோல் டாக்டரம்மா.

நான் முந்திக்கொண்டேன். “ரமலான்ல, அவளுக்கு நோம்பு இல்லாத நாளுக்குக் கொஞ்சம் முன்னாடி. நோம்புச் சூடுதான் டாக்டர்!”

“மத்த மாசமோ?”

“அப்பவும் உண்டு,” என்றாள் சபீனா.

டாக்டர் சிரித்தார். “சூடு இல்லை சேட்டா. நோம்பு இல்லாத அந்த நாள் மாதவிலக்கு நாள்தானே? அதுக்கு முன்னாடி ஹார்மோன் மாறும்போது சிலருக்கு இந்த அழற்சி கூடும். மருந்து உண்டு. யாருக்கும் ஒட்டாது. அழுக்கால வர்றதும் இல்லை.”

சபீனா மெதுவாகக் கேட்டாள்: “அப்போ நான் அழுக்கில்லையா?”

ஊரையே சிரிக்கவைப்பவன் நான். என் பயத்தை நான் இன்றும் கேலி செய்வேன். அவள் கூசிக் குறுகிய நாட்களை என்ன சொல்லிச் சிரிப்பது?