டெலிகன்வெர்ட்டரும் குறுக்கே கிடந்த புளியமரமும்

கள்ளக்குறிச்சியில் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்புக்கு லென்ஸ் பாடம் நடத்துகிறவனுக்கு லென்ஸைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் ஒரு டெலிகன்வெர்ட்டரைக் கொடுத்ததும் அந்த நம்பிக்கை இன்னும் கூடிப்போனது. கேமராவுக்கும் ஜூம் லென்ஸுக்கும் நடுவில் அதை மாட்டினால், தூரத்தில் இருப்பது இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். அதற்குக் கூலியாக வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தின்றுவிடும் என்பதை மைத்துனர் சொல்லவில்லை. நான் நடத்திய பாடத்திலும் அது இல்லை.

ஒரு சனிக்கிழமை கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினேன். அதிர்ஷ்டத்துக்குக் குறைவில்லை, ஒரு மலையணில் உச்சிக் கிளையில் வாலைத் தொங்கவிட்டபடி அரைமணி நேரம் அசையாமல் படுத்திருந்தது. அசைந்ததெல்லாம் நான்தான். மரநிழலில் வியூஃபைண்டர் இருண்டு கிடந்தது, ஷட்டர் சோம்பலாகத் திறந்து மூடியது. முப்பத்தாறு படம் எடுக்கும் சுருளில் முப்பத்தைந்தை எடுத்தேன், மிகுந்த திருப்தியோடு.

அன்றிரவு மலையிலேயே தங்கினேன். மறுநாள் திரும்பப் பஸ் வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறவர்கள் கீழே மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்கள் என்றார் டீக்கடைக்காரர். திங்கட்கிழமை விடிந்ததும் நடக்க ஆரம்பித்தேன். வடக்கனந்தல் ஊரை நெருங்குவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம். அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பேர். என் கழுத்தில் முழ நீள லென்ஸ்.

“இன்னா சார், போலீசுக்குப் போட்டோ எடுக்கிறியா?” என்றார் தலையில் துண்டு கட்டியிருந்தவர்.

“இல்லீங்க, நான் கள்ளக்குறிச்சியில வாத்தியாரு. அணில் எடுக்கப் போனேன்.”

“அணிலுக்கா இம்மாம் பெருசு?”

நியாயமான கேள்விதான். “சரி, எங்கள ஒன்னு எடு” என்றார் துண்டுக்காரர்.

ஜூமை முழுக்கச் சுருக்கியும் அவருடைய மூக்கும் மீசையும் மட்டுமே தெரிந்தன. கன்வெர்ட்டரைக் கழற்ற உட்கார்ந்தால் சந்தேகம் கூடும். அப்படியே பின்னால் நகர்ந்தேன். பத்துத் தப்படி போவதற்குள் ஒருவர் மரத்திலிருந்து குதித்தார்.

“இன்னாத்துக்கு ஓடற?”

“ஓடலீங்க. எட்டப் போனாத்தான் எல்லாரும் படத்துல வருவீங்க.”

அவரை எனக்குக் காவலாக அனுப்பினார்கள். முப்பது தப்படி தள்ளி நின்று, உச்சி வெயிலில், சுருளில் மிச்சமிருந்த ஒரே படத்தை எடுத்தேன். அதில் தான் வர முடியாமல் போனதில் காவலுக்கு வந்தவருக்கு வருத்தம்.

சாலை திறந்த பிறகு சுருளைக் கழுவக் கொடுத்தேன். “முப்பத்தஞ்சும் பொகை மாதிரி கீது சார். இது ஒன்னுலதான் மூஞ்சி எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுது. யாருக்கும் காட்டாதீங்க” என்றார் ஸ்டுடியோக்காரர். மரம் வெட்டியவர்களைப் போலீஸ் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த நேரம். நெகட்டிவை நறுக்கி அடுப்பில் போட்டேன். நாற்றத்துக்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் துல்லியமாக எடுத்த ஒரே படம் அப்படி முடிந்தது.

சில மாதம் கழித்துத் துண்டுக்காரர் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

“அந்தப் போட்டோல ஒரு காப்பி குடுங்க சார். வூட்டுல மாட்டணும்.”

படம் சரியாக வரவில்லை என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பரவால்ல சார், போகப்போக வந்துரும்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.